நாலாவது பெட்டி

அத்தியாயம் 6

தில்லைநாயகம் அண்ணாச்சி இடுப்பை முன்னால் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவோடு ஒட்டி நின்றார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவருக்கு ஏதோ வயிற்றுவலி என்று நினைப்பார்கள். வலியெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் ரேக்கின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அதை அவிழ்த்து யார் கையிலும் கொடுக்கமாட்டார். அதனால் பூட்டு இருக்கும் இடத்துக்கு இடுப்பையே கொண்டுபோவார்.

"பிளாப்பி போடணும்னாலும் இப்படித்தானா?" என்று கேட்டான் உமர் பாரூக்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அண்ணே," என்றாள் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஃபஹ்மிதா. "ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கூப்பிடுவேன்."

"அண்ணாச்சி இன்னும் நிமிந்து நடக்குதாரேன்னு சந்தோஷப்படு."

சித்ரலேகா சிரிக்கவில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் அவள். அந்த ஆபீஸின் ஒரே ஊழியன் உமர் பாரூக். அவனுக்குச் சம்பளம் ஓடுவதற்கும் அலைவதற்கும், பேச்சு இனாம். இப்போது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று.

நாலு மணிக்கு ஃபஹ்மிதாவின் பெயரில் போலீஸில் திருட்டுப் புகார் போகப் போகிறது. புகாரை எழுதி, மடித்து, மேஜைமேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் தயாராக வைத்திருந்தார்கள். இந்த ஒரு மணி நேரம்கூட வியாபாரிகள் சங்கச் செயலாளர் திருஞானசம்பந்தம் வாங்கிக் கொடுத்தது. 'அந்தப் பிள்ளை தரப்பையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம் வே' என்று சொல்லி, அதற்குச் சாட்சியாக ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் தில்லைநாயகத்தின் லாரி பார்சல் ஆபீஸ் முப்பது வருஷம் பழையது. முன்பக்கம் ராதாபுரத்துக் கருப்பட்டிச் சிப்பங்களும் அம்பாசமுத்திரத்து அரிசி மூட்டைகளும் அடுக்கியிருக்கும். பின்பக்கம் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு அறை. அதில்தான் அந்த ரேக் நின்றது. ஆள் உயர இரும்புக்கூடு, முன்னால் கண்ணாடிக் கதவு, அடியில் நாலு சக்கரம். கம்ப்யூட்டர்களைத் தட்டைப் பெட்டிகளில் வைத்து, பீரோவுக்குத் தட்டு மாட்டுவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி வைத்திருந்தார்கள். மெட்ராஸில் நாற்பது ஐம்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கம்பெனிகள் இடம் பற்றாமல் இப்படி அடுக்குகிறார்கள். அண்ணாச்சி ஆபீஸில் இடம் இருந்தது. பற்றாமல் இருந்தது பெருமைதான்.

"சனிக்கிழமை என்ன நடந்தது? இன்னொரு தடவை சொல்லு," என்றாள் சித்ரலேகா.

ஃபஹ்மிதா மேலப்பாளையத்துப் பெண். இருபத்து மூன்று வயது. இந்த ஆபீஸில் கம்ப்யூட்டரை முழுக்கத் தெரிந்த ஒரே ஆள். அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

"சங்கத்துக்காரங்க நாலு பேர் கம்ப்யூட்டரைப் பாக்க வந்தாங்கக்கா. பாத்துக்கிட்டு இருக்கும்போதே ரெண்டாவது பெட்டி நின்னு போச்சு. கண்ணாடிக் கதவைத் தொட்டா சுடுது. செயலாளர் சார்தான், 'நாலாவது சும்மாத்தான இருக்கு, அதைப் போடுங்க'ன்னாரு. அண்ணாச்சி வேணாம் வேணாம்னாரு. அவங்க விடல. கழட்டித் திறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. அண்ணாச்சி என்னையக் கையைக் காட்டி, 'களவு போயிட்டு! இவதான் இந்த ரூமுல இருக்கா'ன்னு சத்தம் போட்டாரு."

"அதுவரைக்கும் நாலாவது என்ன செஞ்சுக்கிட்டு இருந்தது?"

"அது காவல் கம்ப்யூட்டர்," என்றார் தில்லைநாயகம் கம்பீரமாக. "மத்த மூணையும் கவனிச்சுக்கிட்டு இருக்கும். அதை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"நம்ம தெருவுல ஒரு கூர்க்கா இருக்கான், அண்ணாச்சி," என்றான் உமர். "அவனும் இப்படித்தான். உள்ள ஒண்ணும் கிடையாது, விசில் மட்டும் உண்டு."

"ஏலே, நீ வாயை மூடு."

சித்ரலேகா மேஜை இழுப்பறையில் இருந்த ஒரு தாளை எடுத்தாள். ரேக் வாங்குவதற்கு முன் ஃபஹ்மிதா எழுதிக் கொடுத்த குறிப்பு. நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் சாதாப் பெட்டி, வலது பக்கம் ரேக் என்று பிரித்திருந்தாள். சித்ரலேகா அதை உரக்கவே படித்தாள்.

"சாதாப் பெட்டியை மேஜைக்கு அடியிலேயே வைக்கலாம். கெட்டால் ஜங்ஷனிலேயே ஆள் உண்டு, சாமான் உண்டு. ரேக் பெட்டியில் ஒரு திருகாணி தொலைந்தாலும் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். விசிறிச் சத்தத்தில் போன் பேச முடியாது. கதவைப் பூட்டினால் உள்ளே சூடு ஏறி நின்றுவிடும், ஏ.சி. இல்லாமல் கூடாது. நமக்கு மூன்று கம்ப்யூட்டர் போதும். பத்துக்கு மேல் போனால் ரேக்கைப் பற்றி யோசிக்கலாம்."

அதற்குக் கீழே சிவப்பு மையில் அண்ணாச்சியின் பதில் ஒரே வரியில் இருந்தது. 'கவுரவத்துக்கு எது நல்லது என்று எழுதவில்லையே?'

திருஞானசம்பந்தம் தொண்டையைச் செருமினார். அது சிரிப்பை அடக்குகிற செருமல். சங்கத் தலைவர் பதவிக்கு அடுத்த மாதம் தேர்தல். தில்லைநாயகம் நிற்கிறார். நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒரே வியாபாரி என்று ஜங்ஷன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

உமர் இதற்குள் தரையில் முட்டி போட்டு ரேக்குக்கு அடியில் தலையை விட்டிருந்தான்.

"அக்கா, இங்கன வாங்க. ரேக்கு காய்ச்சிருக்கு."

சித்ரலேகா குனிந்து பார்த்தாள். நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக நாலு எலுமிச்சம்பழம். வற்றி, சுருங்கி, பாக்கு நிறத்துக்கு வந்திருந்தன.

"இது என்ன அண்ணாச்சி?"

"சக்கரம் இருக்குல்லாம்மா?" அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சக்கரம் வச்சு எது வாசலுக்கு வந்தாலும் எலுமிச்சம்பழம் வைக்காம இருப்போமா? நம்ம லாரி அத்தனைக்கும் வச்சிருக்கேன்."

"லாரின்னா மேல ஏத்தி நசுக்குவீங்களே?"

"இதையும் உருட்டி நசுக்கத்தான் பாத்தோம். கரண்டு வயரு எட்டல. நல்ல நேரம் வேற முடியுது. வச்சதே போதும், தானா உருண்டா எடுங்க, யாரும் கை வைக்காதீயன்னு ஐயர் சொல்லிட்டாரு. அப்படியே விட்டாச்சு."

"எத்தனை நாளாச்சு?"

"நாப்பது நாள்."

சித்ரலேகா டார்ச்சை அடித்துக் காட்டினாள். ஒவ்வொரு பழமும் சக்கரத்தை ஒட்டியே இருந்தது. பழத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு பழத்தில்கூட நசுங்கல் இல்லை.

"சார், நீங்களும் வந்து பாருங்க," என்று செயலாளரைக் கூப்பிட்டாள். "ரேக்குக்கு ரெண்டு பக்கமும் சுவர். பின்பக்கமும் சுவர். பின்னால கைவிடணும்னா ரேக்கை முன்னால இழுக்கணும். ஒரு விரக்கடை இழுத்திருந்தாலும் இந்தப் பழம் நசுங்கியிருக்கும். நாப்பது நாளா ரேக்கு அசையல."

"அப்ப முன்பக்கமா எடுத்திருக்கா!" என்றார் தில்லைநாயகம்.

"முன்பக்கம் பூட்டு. சாவி எங்க இருக்கு அண்ணாச்சி?"

எல்லோரும் அவருடைய இடுப்பைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ராத்திரி?"

"படுக்கையிலயும் இங்கதான் கிடக்கும்."

"குளிக்கும்போது?"

"அப்பவும் அவுக்கமாட்டேன்."

"அந்தப் பிள்ளை திறந்திருந்தா," என்றான் உமர், "அண்ணாச்சி இடுப்பும் கூடப் போயிருக்கணும். இடுப்பு போனது அண்ணாச்சிக்குத் தெரியாம இருக்குமா?"

திருஞானசம்பந்தம் இந்தத் தடவை செருமவில்லை, வெளிப்படையாகவே சிரித்துவிட்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "பின்னாலயும் வரல, முன்னாலயும் வரல. பின்ன எப்படிம்மா களவு போச்சு?"

"களவே போகலை சார்," என்றாள் சித்ரலேகா. "வாசல்ல தராசுக்கிட்ட நிக்கிற லோடுமேனைக் கூப்பிடுங்க."

பூதத்தான் தோளில் துண்டோடு வந்து நின்றான். ஐம்பது வயது இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளாட்பாரத் தராசு அவனுடைய ராஜ்யம்.

"இந்த ரேக்குச் சாமான் வந்த அன்னைக்கு நிறுத்தீங்களா?"

அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னம்மா இப்படிக் கேக்கிய? இந்தப் படியைத் தாண்டி வாறது எதையும் நிறுக்காம உள்ள விட்டது கிடையாது. அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு வந்த பீரோவையே நிறுத்துத்தான் உள்ள விட்டேன்."

"எடையை எங்க எழுதினீங்க?"

"பெட்டி மேலதான். நீல மையில. அட்டைப்பெட்டி நாலும் பரண்ல கிடக்கு, கயிறு போட்டு வச்சிருக்கேன்."

"பைய இறக்கி எடுத்துட்டு வாங்க."

தில்லைநாயகத்தின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அறையில் சூடு ஒன்றும் இல்லை. சனிக்கிழமையிலிருந்து ரேக்கையே அணைத்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஆபீஸ் வேலையெல்லாம் மூலையில் கிடந்த பழைய சாதாக் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. தூசி படிந்து, ஒரு பக்கத் தகடு இல்லாமல், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைப்பார் யாருமில்லை.

நாலு அட்டைப்பெட்டிகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு நீல எண். இருபது. இருபது. இருபது. பதிமூன்று.

உமர், சனிக்கிழமை கழற்றிய நாலாவது ரேக் பெட்டியை அதன் தெர்மோகோலோடு பதிமூன்றாம் எண் அட்டைப்பெட்டிக்குள் வைத்துத் தராசில் ஏற்றினான். பூதத்தான் குண்டைத் தள்ளினான். முள் ஆடி நின்றது. பதிமூன்று.

"அன்னைக்கும் பதிமூணு, இன்னைக்கும் பதிமூணு," என்றாள் சித்ரலேகா. "பெட்டி வரும்போதே உள்ள ஒண்ணும் இல்ல."

உமர் பழைய சாதாக் கம்ப்யூட்டரையும் கழற்றிக் கொண்டுவந்து தராசில் வைத்தான். "பதினோரு கிலோ. ஆபீஸ் முழுக்க இதுதான் ஓட்டுது. அந்தப் பதிமூணு கிலோவுல காத்து மட்டும். காத்துக்கும் எடை உண்டுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னப்ப நான் நம்பல அக்கா."

ஃபஹ்மிதா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் லாரி ஆபீஸ் முதலாளியை அவ்வளவு சீக்கிரம் மடக்கிவிட முடியுமா? தில்லைநாயகம் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீரா வே! மெட்ராஸ்காரன் ஏமாத்திட்டான்! காலிப் பெட்டியை என் தலையில கட்டிட்டான். நான் பாவம், இந்தப் பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டேன். எம்மா, மனசுல வச்சுக்கிடாத. நாளைக்கே வேலைக்கு வந்துரு. புகாரை அந்தக் கடைக்காரன் மேல மாத்தி எழுதிருவோம்."

திருஞானசம்பந்தம் நிம்மதியாக நாற்காலியை விட்டு எழுந்தார். கதை முடிந்துவிட்டது என்று உமரும் நினைத்தான். சித்ரலேகா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன் அண்ணாச்சி. மெட்ராஸ்ல இருந்து சரக்கு யார் லாரியில வந்தது?"

"நம்ம லாரியிலதான். வேற எவன் லாரியில வரும்?"

"லாரி ரசீது யார் எழுதினது?"

தில்லைநாயகம் இடுப்புச் சாவியைத் தடவினார்.

"அண்ணாச்சியே போய் எடுத்துட்டு, அங்க நம்ம கிளையில உக்காந்து அண்ணாச்சியே எழுதினது," என்றான் பூதத்தான் பெருமையாக. முதலாளிக்கு உதவி செய்கிறோம் என்று அவனுக்கு எண்ணம். "கையோட கொண்டுபோன புத்தகம் இங்கதான இருக்கு. எடுத்துட்டு வாரேன்."

"லே, சும்மா இரு!"

பூதத்தான் போய்விட்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தில்லைநாயகம் பெருமைக்காகச் சொல்லாத பொய் ஜங்ஷனில் கிடையாது. பாபநாசத்தில் தோட்டம் என்பார். போய்ப் பார்த்தால் ரெண்டு மாமரம் நிற்கும். ஆனால் லாரி ரசீதில் மட்டும் முப்பது வருஷமாக ஒரு சொல் பொய்யாக எழுதியதில்லை. ரசீதில் ஒன்றும் பெட்டியில் இன்னொன்றும் இருந்தால் செக்போஸ்டில் லாரியை ஓரங்கட்டிவிடுவார்கள். தக்காளியோ வாழைத்தாரோ லாரியிலேயே அழுகும். அந்தப் பயம் அவர் கையில் ஊறிப்போயிருந்தது. வாய் என்ன சொன்னாலும், ரசீதுப் புத்தகத்தைத் திறந்தால் கை உள்ளதை உள்ளபடி எழுதிவிடும்.

உமர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். மேலே பிள்ளையார் சுழி. கீழே அண்ணாச்சியின் வால் நீண்ட கையெழுத்து. நடுவில் சரக்கு விவரம். அவன் மெதுவாகப் படித்தான்.

"கம்ப்யூட்டர் மூன்று. காலி இரும்புப் பெட்டி ஒன்று."

வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உமருக்கு நாக்கின் நுனிவரை ஒரு நக்கல் வந்தது. ஃபஹ்மிதாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான். அவனுக்கும் இப்போது கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சேதான் வாங்கியிருக்கீரு," என்றார் திருஞானசம்பந்தம்.

தில்லைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணு கம்ப்யூட்டருக்கு ரேக்குல பாதி இடம் மூளியாக் கிடந்தது வே. கடைக்காரன்தான் சொன்னான், ஒரு காலிப் பெட்டியை மாட்டி விளக்கு போட்டுருவோம், பாக்க நல்லா இருக்கும்னு. நாலுன்னு எல்லார்ட்டயும் சொல்லியும் ஆச்சு. சனிக்கிழமை நீங்கல்லாம் சுத்தி நின்னீய. பெட்டியைத் திறந்துட்டீய. என்ன செய்யணும்னு தெரியல. களவுன்னு வாயில வந்துட்டு. அப்புறம் திரும்பி எடுக்க முடியல."

"புகாரை எழுதுறதுக்கு மட்டும் மூணு நாள் கிடைச்சதே," என்றாள் சித்ரலேகா.

அவர் பேப்பர் வெயிட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஃபஹ்மிதா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தது பார்த்தாலே தெரிந்தது.

"பெட்டி காலின்னு உங்களுக்குத் தெரியும். நான் எடுக்கலன்னும் தெரியும். சந்தேகப்பட்டேன்னு இப்பச் சொன்னீங்களே அண்ணாச்சி, நீங்க ஒரு நாளும் என்னையச் சந்தேகப்படவே இல்ல. மூணு நாளா எங்க உம்மா வாசலுக்கு வரல. வாப்பா தொழப் போற நேரத்தை மாத்திக்கிட்டாரு, ஆளுக முகத்தைப் பாக்கக்கூடாதுன்னு."

"தப்புதாம்மா. மன்னிச்சிரு. வேலைக்கு வா."

"எழுதிக் குடுங்க."

"பேப்பர் எடும்மா, எழுதுதேன்."

"பேப்பர்ல வேண்டாம்." அவள் ரசீதுப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இதுல எழுதுங்க."

தில்லைநாயகம் நிமிர்ந்து பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

அவர் புதுப் பக்கத்தைத் திருப்பினார். கார்பன் தாளைச் சரியாக வைத்தார். பழக்கம் விடாமல் பிள்ளையார் சுழி போட்டார். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரையும் பெறுநர் என்ற இடத்தில் அவள் பெயரையும் எழுதினார். சரக்கு விவரம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓடியது. 'பெட்டி வரும்போதே காலி. எனக்குத் தெரியும். ஃபஹ்மிதா எதையும் எடுக்கவில்லை. நான் சொன்னது பொய்.'

"எடை என்ன போடணும் அண்ணாச்சி?" என்று பூதத்தான் வழக்கம்போலக் கேட்டான்.

அவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

லாரி ரசீதுக்கு மூன்று பிரதி. வெள்ளைத் தாளை ஃபஹ்மிதா வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். மேஜைமேல் இருந்த புகாரையும் எடுத்து, நாலாகக் கிழித்து, காலிப் பெட்டிக்குள் போட்டாள். ரோஸ் தாளைத் திருஞானசம்பந்தம் கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை வந்த மற்ற மூன்று பேருக்கும் இன்றைக்கே படித்துக் காட்டுவேன் என்றார். தேர்தலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"வேலைக்கு வருவேல்லாம்மா?" என்றார் தில்லைநாயகம்.

"ரேக்கைக் கழட்டிட்டுச் சொல்லுங்க. யோசிக்கேன்."

ஃபஹ்மிதாவோடு சித்ரலேகாவும் உமரும் படியிறங்கிப் போனார்கள். தூற்றல் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் உமர் கேட்டான். "அக்கா, மூணாவது பிரதி புத்தகத்துலயே இருக்கே. நம்ம போனதும் கிழிச்சுப் போட்டுருவாரே?"

சித்ரலேகா குடையை விரித்தாள். "வரிசை எண் அச்சடிச்ச புத்தகம்லே அது. ஒரு தாள் குறைஞ்சா செக்போஸ்ட்ல என்னன்னு கேப்பான்."

உள்ளே தில்லைநாயகம் அதே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, வெளியே காத்திருந்த லாரிக்காக அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.